நிகழ்கால வினைகளுக்கு ஒரு பயிற்சிச் செயலி

ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலத்தையும் தொடர் நிகழ்காலத்தையும் பிரித்தறியக் கற்பிக்கும் ஒரு கைப்பேசிச் செயலியை மூன்று வாரங்கள் பயன்படுத்தினேன். தமிழில் 'வேலை செய்கிறேன்' என்ற ஒரே வினை அன்றாட வழக்கத்தையும் இந்த நொடியின் செயலையும் குறிக்கக்கூடும் என்பதால்தான் நமக்குத் தடுமாற்றம் வருகிறது. 'ஐ வொர்க் ஹியர்' என்றால் நிலையான பணி, 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர்' என்றால் தற்காலிகப் பணியாகவும் இருக்கலாம் என்று முதல் பாடமே அதைத் தெளிவாக்கிவிடுகிறது.

இதன் சிறந்த பகுதி நோ (அறிதல்), பிலீவ் (நம்புதல்), ஓன் (உடைமையாக வைத்திருத்தல்) போன்ற நிலை வினைகளைப் பற்றியது; செயலை அன்றி நிலையைக் குறிப்பதால் இவை பொதுவாகத் தொடர் வடிவில் வருவதில்லை. 'கார் வைத்திருக்கிறேன்' என்பதை 'ஐ ஆம் ஹேவிங் எ கார்' என்று நாம் மாற்றிவிடுவதற்கு அந்த 'இருக்கிறேன்' காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது இங்கேதான். 'ஹேவிங் லஞ்ச்' மட்டும் ஏன் சரி என்பதற்கும் விளக்கம் உண்டு: அங்கே 'ஹேவ்' உடைமையை அன்று, உண்ணும் செயலைக் குறிக்கிறது.

பயிற்சி வினாக்கள்தாம் ஏமாற்றம். 'நவ்' வந்தால் தொடர் நிகழ்காலம், 'எவ்ரி டே' வந்தால் சாதாரண நிகழ்காலம் என்று வாக்கியத்தைப் படிக்காமலேயே விடையளித்துவிடலாம். 'ஷி இஸ் ஆல்வேஸ் கம்ப்ளெய்னிங்' என்று சலிப்பை உணர்த்தும் தொடர் வடிவத்தின் முன் அந்தக் குறுக்குவழி தோற்றுவிடும் என்பதைச் செயலி எங்குமே கூறவில்லை. கட்டணப் பதிப்புக்கு மாறும் எண்ணம் எனக்கில்லை.