வெண்கல மணிக்கூடா, ஸ்டீல் மணிக்கூடா?

ரெண்டும் ஓட்டோமற்றிக்தான். பற்றரி இல்லை, கை அசைய அசையத் தானாய்ச் சாவி ஏறும். வித்தியாசம் வெளிக்கூட்டில்.

விலை: உள் இயந்திரம் ஒன்றென்றாலும் வெண்கலம் பெரும்பாலும் கூட.

உழைப்பு: ரெண்டும் உப்புத்தண்ணியைத் தாங்கும்.

தோற்றம்: ஸ்டீல் வாங்கின நாளைப்போலவே இருக்கும். வெண்கலத்தில் இருப்பது செம்பும் வெள்ளீயமும். திருகோணமலை உப்புவெளிக் கடற்காற்றுப் பட்டுச் சில கிழமைக்குள் என்னுடையதன் பொன்னிறம் மங்கித் தேன்நிறமானது. சாவிக்குமிழின் பல்லிடுக்கில், குத்துவிளக்கில் பிடிக்கும் அதே பச்சைக் களிம்பு. எவ்வளவு வடிவு! இன்னொருவர் கையில் இதே நிறம் வராது.

பராமரிப்பு: வெண்கலமென்றால் வியர்வையில் மணிக்கட்டும் பச்சையாகலாம். தோலில் படும் பின்மூடி ஸ்டீலா என்று பார்த்து வாங்குங்கோ.

நிலாவெளியில் நாளும் கடலில் இறங்கி, துடைக்க நேரமில்லாதவருக்கு ஸ்டீல். ஒரே மணிக்கூட்டை வருசக்கணக்காய்க் கட்ட ஆசையென்றால் வெண்கலம்தான்.