இரும்புப் படகின் துரு: சுத்தியலா, சாண்ட் பிளாஸ்டிங்கா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இரும்பு விசைப்படகைக் கரையேற்றித் துருவைக் கவனிக்க அதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது. எந்த பெயின்ட் நல்லது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். துருவை எப்படி எடுக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

சுத்தியலால் தட்டி, கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது மலிவு. நம் ஆட்களே செய்துவிடலாம். தட்டத் தட்டத் துரு அப்பளம் மாதிரி உதிரும், அடியில் தகடு பளபளக்கும். அந்தப் பளபளப்பை நம்பாதீர்கள். கம்பி மேட்டைத்தான் தேய்க்கும். ஊசிமுனைக் குழிக்குள் கடல் உப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு ராத்திரி விட்டுக் காலையில் பாருங்கள், குழி இருந்த இடத்தில் எல்லாம் பழுப்புப் புள்ளி வந்திருக்கும். அதன்மேல் விலை கூடிய எபாக்சி பெயின்டை அடித்தாலும் கொப்புளம் கிளம்பும்.

சாண்ட் பிளாஸ்டிங் என்றால் மணல் மாதிரித் துகளைக் காற்றழுத்தத்தில் தகட்டின் மேல் பீய்ச்சி அடிப்பது. அது குழிக்குள்ளும் போகும், பெயின்ட் பிடிக்கச் சொரசொரப்பும் தரும். செலவு மிக அதிகம். முதலில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். அடித்த அன்றே முதல் கோட் எபாக்சி ஏறிவிட வேண்டும். ஆற்று மணலை வைத்து மட்டும் அடிக்க விடாதீர்கள். அந்தச் சிலிக்காத் தூசி தொழிலாளியின் நுரையீரலை அழித்துவிடும். செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடுத் துகளான காப்பர் ஸ்லாக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாகத்துக்கு பிளாஸ்டிங்தான் என்பேன். மேல்தளம், கைப்பிடிக் கம்பிக்கெல்லாம் சுத்தியல் போதும். தட்டிய பிறகு, துருவைக் கருப்பாக மாற்றும் டானிக் அமிலக் கரைசலைப் பூசி பெயின்ட் அடிக்கலாம்.

பெயின்டிலும் அப்படித்தான். எண்ணெய் கலந்த ரெட் ஆக்சைடு பெயின்ட் மேல்தளத்துக்குச் சரி, தண்ணீருக்கு அடியில் வேண்டாம். அடியில் துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்போம்; அந்தக் கட்டி தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும்போது தகட்டின் மேல் காரத்தன்மை உண்டாகும், அதில் எண்ணெய் பெயின்ட் சோப்பு மாதிரி குழைந்துவிடும். எபாக்சி தாங்கும். அப்புறம், அந்தக் கட்டி மேல் பெயின்ட் படக்கூடாது. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் வெளிப்பக்கம். ஐஸ் அறைக்கு அடியில், மீன் கழுவிய உப்புத் தண்ணீர் தேங்கும் மூலையில், தகடு உள்ளிருந்தே அரிக்கும். பிளாஸ்டிங்குக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன் அங்கே தகட்டின் கனத்தை அளந்து பாருங்கள். மெலிந்திருந்தால் முதல் செலவு புதுத் தகடு வெல்டிங் செய்யத்தான்.