மஞ்சள் பூவென்று நம்பாமல் இலையையும் பாருங்கோ

தெஹிவளையில் எங்கட வீடு தெருவைவிட ஓராள் உயரம். முன்பக்கச் சரிவு மொட்டையாகக் கிடந்து, மழைக்கு மழை செம்மண் கரைந்து கானுக்குள் போனது. புல் பதித்தால் சரிவில் நின்று வெட்டவேண்டும்; என்ர முழங்காலுக்கு அது சரிவராது. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற, இந்த நாட்டுக்கே உரிய படர்செடி தேடி பத்தரமுல்லைப் பக்கம் செடி விற்கிற ஒரு நேர்சரிக்குப் போனேன்.

தரையோடு படர்கிற பொடுதலைக்காகவே அங்கே போகலாம். 40 பை வாங்கி, ஒக்டோபர் மழைக்கு முதல் சாண் இடைவெளியில் நட்டோம். கணுவுக்குக் கணு வேர் பிடித்து ஓடி, தைப்பொங்கலுக்கு மண்ணே தெரியவில்லை. வெள்ளையும் ஊதாவுமாய் மூக்குத்தி அளவில் பூ, அதற்குச் சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சி. வெயில் நாள் முழுக்க விழுகிற இடத்திலும் வாடவில்லை. முதலில் தேங்காய்த் தும்பு வலை விரித்து, மூங்கில் முளை அடித்து, வலைக் கண்ணுக்குள் நடச் சொன்னது அங்கே வேலை செய்கிற பெடியன்தான். அவன் சொல்லாவிட்டால் முதல் மழையிலேயே கன்றெல்லாம் தெருவில் கிடந்திருக்கும். அடியில் ஈரம் தங்குகிற மூலைக்கு வல்லாரை; சம்பலுக்கும் ஆச்சு.

கோபம் வேறொன்றில். மஞ்சள் கரிசலாங்கண்ணி கேட்டேன். "இதுதான் அன்ட்டி, நம்ம நாட்டுச் செடி" என்று முதலாளி 25 பை ஏற்றிவிட்டார். பை 100 ரூபாய். நான் கண்ணாடி போட்டுப் பார்க்கிறதுக்குள் மகன் 15ஐ நட்டுவிட்டான். இலை மினுங்குது, மூன்று மடலாய்ப் பிரிந்து நிற்குது. கரிசலாங்கண்ணி இலை ஒடுக்கமாய் நீண்டிருக்கும், மடலே இராது. வந்திருந்தது வெடேலியா! அமெரிக்கப் பக்கத்துச் செடி. இங்கே மற்றச் செடிகளை அமுக்கிப் பரவுகிற ஆக்கிரமிப்புத் தாவரமென்று சொல்லியும் மதிலோரமெல்லாம் வடிவுக்கு நடுகிறார்கள். பூ இரண்டுக்கும் மஞ்சள்தான், அதில்தான் ஏமாறுகிறது.

திரும்பக் கொண்டுபோக, நடாத 10 பையை மறுபேச்சில்லாமல் வெட்டிவேராக மாற்றித் தந்தார். அதைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டிருக்கிறேன்; மேலிருந்து கீழாக நட்டால் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. நட்ட 15க்குக் காசும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

அதுகளை வேரோடு பிடுங்கி, கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைத்திருக்கிறேன். ஒரு கணு கானுக்குள் விழுந்தாலும் கால்வாய்க் கரைவரை போய் முளைக்கும்.