எட்டு கோருக்கும் ஒரே பாரம்: ஸ்கொட்ச் பாவித்த அனுபவம்

ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்காக, கொழுந்து வாட்டும் தொட்டிக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்று ஓப்பன்ஃபோம் என்ற காற்றோட்டம் கணிக்கும் மென்பொருளில் கணித்துப் பார்க்கிறேன். விசிறிப் பக்கத்துக் கொழுந்து காய்ந்துபோகிறது, கடைக்கோடியில் கிடப்பது ஈரமாகவே இருக்கிறது. டீமேக்கர் ஐயாவுக்கு இது வெகுநாள் கவலை. கையில் இருப்பதோ கண்டியில் வாங்கிய பழைய எட்டு கோர் மெஷின், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டுப் பகுதி உள்ள கம்ப்யூட்டர்.

கணிப்புக்காகத் தொட்டியின் உள்ளிடத்தைச் சின்னச் சின்ன செல்லாக வெட்டியதுதான் மெஷ். அதை எட்டு கோருக்கும் பங்கிட வேண்டும், அப்படிப் பங்கிடும் முறைகளில் ஒன்றுதான் ஸ்கொட்ச். ஆனால் முதலில் ‘சிம்பிள்’ முறையில், நீளத்தில் நாலும் உயரத்தில் இரண்டுமாகப் பிரித்தேன். விசிறி வாயில் மெஷ் மிக நெருக்கம். மொத்தம் 24 லட்சம் செல். கோருக்கு 3 லட்சம் வரவேண்டும். ஒன்றுக்கு மட்டும் 4 லட்சத்து 80 ஆயிரம் விழுந்தது. சராசரியை விட 60 சதவீதம் அதிகம் என்று பிரித்து முடிந்ததுமே திரையில் வந்திருக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை. மற்ற ஏழு கோரும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒன்றுக்காகக் காத்து நின்றன. அம்மா மலைக்குப் போன காலத்தில், கொழுந்து அடர்ந்த நிரை கிடைத்தவர் தனியாகப் பின்தங்கி நிற்பதைப் பார்த்தவன் நான். நிரைக் கணக்கு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஸ்கொட்ச் பிரான்ஸின் பொர்தோவில் உருவானது, இலவசம். அது தொட்டியின் வடிவத்தைப் பார்ப்பதே இல்லை. எந்த செல் எதோடு ஒட்டியிருக்கிறது என்ற தொடர்பை மட்டும் பார்த்து, எண்ணிக்கை சமமாகவும் வெட்டுப்படும் முகங்கள் (இரண்டு செல் ஒட்டும் பக்கங்கள்) குறைவாகவும் வருமாறு பிரிக்கிறது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு முகத்துக்கும் கோர்கள் ஓயாமல் தகவல் மாற்றிக்கொள்ள வேண்டுமே, அதனால்தான். ஃபைலில் முறையின் பெயரை மாற்றினேன், அவ்வளவுதான். 11 மணித்தியாலம் ஓடியது 7க்கு இறங்கியது. மழைக்குக் கரண்டு போகிற ஊரில் அந்த நாலு மணித்தியாலம் பெரிய விஷயம்.

வேகம் குறைந்த மெஷினையும் சேர்த்து ஓட்டுபவர்கள் ஒவ்வொரு புரோசசருக்கும் எடை கொடுத்து, அதற்குக் குறைவாகப் பங்கு விடலாம். அருமையான வசதி.

குறையும் உண்டு. பிரிக்கும் வேலை ஒரே கோரில்தான் நடக்கிறது. முழு மெஷ்ஷும் மெமரியில் ஏற வேண்டும், பெரிய மெஷ் என்றால் 16 ஜிபி திணறும். ஓட்டத்தின் நடுவே மெஷ் மாறினால் பழைய பிரிப்பு அப்படியே நிற்கும்.

தொட்டியில் கொழுந்து பரப்பும் கம்பி வலைக்குக் கீழே தகடு சாய்த்து வைத்த கணிப்பு நேற்று விடியமுன் முடிந்தது. படத்தைப் பார்த்த டீமேக்கர் ஐயா, “முதல்ல ஒரு தொட்டியில போட்டுப் பாப்போம் தம்பி” என்றார்.