மனச்சோர்வுச் சிகிச்சை: காணொளியிலா, நேரிலா?

மனச்சோர்வுக்காக முதலில் 6 அமர்வுகள் காணொளி வழியாகவும், பிறகு 14 அமர்வுகள் நேரிலும் ஆலோசனை பெற்றேன். இன்று யாராவது கேட்டால், முடிந்தவரை நேரில் போகவே சொல்வேன்.

காணொளியில் அலைச்சல் இல்லை. திண்டுக்கல்லில் இருந்தபடியே சென்னை ஆலோசகரிடம் பேசலாம். இலேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு, ஆலோசகர் துணையுடன் இணையவழியில் பெறும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை) நேரில் பெறுவதற்கு ஏறத்தாழ இணையான பலன் தருவதாகவே ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆகவே சிகிச்சையின் தரத்தில் குறை காணவில்லை. மனம்விட்டுப் பேச ஓர் இடம் இருக்கிறதா என்பதே எனக்குப் பெரிதாயிற்று.

எங்களுடையது இரண்டு அறை வீடு. "தனியாகத்தானே இருக்கிறீர்கள்?" என்று ஆலோசகர் கேட்டபோது, அறையில் வேறு யாரும் இல்லாததால் ஆமாம் என்றேன். ஆனால் அமர்வு தொடங்கியதும், எனக்கு இடைஞ்சலாகக் கூடாதென்று அம்மா மிக்ஸியை நிறுத்திவிடுவார். அந்த அமைதியில் என் பேச்சு சமையலறை வரை கேட்கும் என்பதால், தூக்கம் வரவில்லை, பசியில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அப்பா இறந்தபின் அம்மாவின் மீது எனக்கிருந்த கோபத்தை 6 அமர்வுகளில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பிறகு மதுரைக்கு நேரில் போனபோது, கதவு சாத்திய அறையில், இரண்டாவது அமர்விலேயே சொல்லிவிட்டேன். அப்போது என் கை கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்ததை ஆலோசகர் கவனித்துக் கேட்டார். கைபேசித் திரையில் அது தெரிந்திருக்காது.

பயணமும் உதவியது. மனம் வராவிட்டாலும் அன்றாட வேலைகளைத் திட்டமிட்டுச் செய்வது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதி. குளித்து, உடைமாற்றி, மதுரை ஆரப்பாளையம் செல்லும் பேருந்தில் ஏறுவதுதான் பல வாரங்களில் நான் செய்த ஒரே வேலை.

கடுமையான மனச்சோர்வையோ மருந்துகளையோ பற்றிச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை. கைக்குழந்தை உள்ளவர்களுக்கும், படுக்கையைவிட்டு எழவே முடியாதவர்களுக்கும் காணொளியே வழியாக இருக்கலாம். தற்கொலை எண்ணம் வருபவர்கள் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்கக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் இலவசமாக அழைக்கலாம். காணொளியைத் தேர்ந்தெடுப்பவர்கள், தாம் பேசுவது வீட்டில் யாருக்குக் கேட்கும் என்பதை முதல் அமர்விலேயே ஆலோசகரிடம் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லாமல் விட்டது அதைத்தான்.