கொழும்பு–யாழ்ப்பாணம்: பழைய பல்சரில் உடம்பு நோகாமல் ஓடுவது எப்படி

வெள்ளவத்தையில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் பைக்கில் போகிறேன் என்றால் "இடுப்பு நோகாதா தம்பி?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இடுப்பு நோவு கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே இருக்கிற இடம் எரியத் தொடங்கும், விரல்கள் விறைக்கும், காதுக்குள் இரைச்சல் ஏறித் தலை இடிக்கும். என்னிடம் இருப்பது பழைய பஜாஜ் பல்சர் 150. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு பெரிய பைக் வாங்கும் பேச்சு அடங்கிவிட்டது. சரி, இருப்பதையே 400 கிலோமீற்றர் தாங்கும்படி மாற்றுவோம் என்று இறங்கினேன். வருடக்கணக்காக ஓடியதில் எது உதவியது, எது காசுக்குக் கேடு என்று இப்போது ஓரளவு சொல்லலாம்.

முதலிடம் சீற்றுக்கு. பஞ்சிகாவத்தைப் பக்கம் குஷன் வேலை செய்கிற ஒரு நானாவிடம் கொடுத்தேன். இன்னும் மெத்தென்று போடலாமா என்று கேட்டதற்கு, "அது கடையில இருந்து பார்க்கத்தான் நல்லம் தம்பி. அரை மணித்தியாலத்தில அமுங்கிரும், பிறகு பலகையிலதான் இருக்க வேணும்" என்றார். அவர் போட்டது கையால் அழுத்தினால் லேசில் இறங்காத, அடர்த்தி கூடிய ஸ்பொன்ச். நாம் இருக்கும்போது பாரத்தில் பெரும் பங்கு இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளில்தான் இறங்குகிறது. மெதுவான ஸ்பொன்சில் அந்த முனைகள் அடித்தட்டு வரை புதைந்துவிடும். இறுக்கமானது பாரத்தைச் சுற்றியுள்ள சதைக்கும் தொடைக்கும் பிரித்துக் கொடுக்கும். புதிதாகப் போட்ட கிழமை கல்லில் இருப்பது போலத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஸ்பொன்சை விட முக்கியம், சீற்றின் சரிவு. முன்பக்கம் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு பெற்றோல் ராங்கியை நோக்கி வழுகும். அதைத் தடுக்கக் கைகளை ஊன்றுவோம். அந்தப் பாரம் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் போகும். கைநோவுக்கு மருந்து தேடுகிற பலருக்கு வியாதி சீற்றில்தான் இருக்கிறது. இருக்கிற இடத்தைச் சமமாக்கச் சொல்லுங்கள். தொடை உரசும் இடத்தில் தையல் வரக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். உரசலும் குறையும், மழைத் தண்ணீர் தையல் வழியாக உள்ளே இறங்குவதும் குறையும்.

ஜெல் மெத்தை பற்றிக் கேட்பவர்கள் அதிகம். நண்பர் ஒருவர் தந்ததை நீண்டநாள் போட்டுப் பார்த்தேன். அதிர்வைக் குடிப்பது உண்மை. ஆனால் அநுராதபுரத்து வெயிலில் தேத்தண்ணி குடிக்கப் பைக்கை நிறுத்திவிட்டு வந்து ஏறினால் சுடும், அந்தச் சூடு லேசில் இறங்காது. நம் நாட்டு வெயிலுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். காற்று ஊடுருவும் வலைத் துணி உறை அதைவிட மலிவு, வியர்வையும் தேங்காது. இரண்டு வருடத்துக்குள் வலை தட்டையாகிவிடும், அப்புறம் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

கைகளுக்கு வருவோம். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அதனால் பேலியகொடை, வத்தளை, ஜா-எல நெரிசல் முழுவதும் நம் தலையில்தான். இடக்கை கிளச்சைப் பிடித்தே களைத்துவிடும். கிளச் கேபிளை மாற்றினேன், லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பினேன். முழங்கையில் இருந்து விரல் வரை ஒரே நேர்கோட்டில் இருந்தால் மணிக்கட்டு மடியாது. ஒரு ஸ்பனரும் ஐந்து நிமிடமும் போதும், இதற்குக் காசே இல்லை. டயர் காற்றும் அப்படித்தான். பெற்றோல் செட்டில் கேட்காமலே கூட்டி அடித்துவிடுவார்கள், ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டில் தெரியும். கையேட்டில் உள்ள அளவைச் சொல்லி அடிக்க வையுங்கள், அதுவும் காலையில் டயர் ஆறியிருக்கும்போது. முதுகுப்பையைத் தோளில் போட்டு ஓடுவதையும் விட்டுவிடுங்கள். பின் சீற்றில் வைத்துக் கட்டினால் தோளுக்கு விடுதலை.

பலர் நம்பாத விஷயம் காது. வேகம் 60, 70 என்று ஏறும்போது எஞ்சினை விட ஹெல்மெற்றைச் சுற்றும் காற்றின் இரைச்சல்தான் பெரிது. மதவாச்சி தாண்டி ஏ9 வீதியில் நேராக ஓடும்போது வருகிற களைப்பில் பெரும் பங்கு அந்தச் சத்தத்தால்தான் என்பது என் அனுபவம். ஸ்பொன்ச் காதடைப்பான் ஃபார்மசியில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஹோர்ன் கேட்காதே என்பார்கள். கேட்கும், காற்றிரைச்சல் குறைவதால் தெளிவாகவே கேட்கும். நான் வாங்கியவற்றுள் இதற்குத்தான் கொடுத்த காசுக்கு மேல் பலன்.

வெயிலுக்கு முழுக்கைச் சட்டை. கையை வெளியே விட்டால் குளிர்ச்சி என்பது ஏமாற்று. வியர்வை காற்றில் உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் போவதே தெரியாது. சிலாபம் வரை தென்னந்தோப்புகள்தான், வீதியோரம் செவ்விளநீர் கிடைக்கும். அதற்கு மேல், உடம்பில் குறைந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனி பக்கெற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்வேன். கழுத்தில் நனைத்த துணி வறண்ட பக்கத்தில் நன்றாக வேலை செய்யும். கொழும்பின் ஈரக்காற்றில் பிரயோசனம் குறைவு. ஜீன்ஸ் வேண்டாம், நடுத்தையல் தடித்தது. சைக்கிள்காரர் போடும் மெத்தை வைத்த உள்காற்சட்டை கூச்சமாக இருந்தாலும் பலன் தரும்.

இத்தனைக்கும் மேலே, நோவு வருமுன் இறங்க வேண்டும். நீர்கொழும்பு, புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று வைத்திருக்கிறேன். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் எல்லாரும் நிற்பார்கள், கச்சான் வேறு இருக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது பைக்குக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான், அந்தக் காலத்தில் மட்டும் சீற்றுக்கு நல்ல ஓய்வு.

பின் சீற் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதன் ஸ்பொன்சையும் அதே நானாதான் மாற்றினார், ஆனால் என் மனைவி புத்தளம் வரை இருந்து பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் யாழ்தேவி ரயிலில்தான் வருகிறா.