பந்துக்கு முன்னால் கால்: சென்னையில் ஒரு கோடை வாட்டர் போலோ முகாம்

நீச்சல் ஓரளவு கைவந்துவிட்ட பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கு, சென்ற மே மாதம் தென்சென்னையில் ஒரு தனியார் பள்ளியின் குளத்தில் மூன்று வாரம் நடந்த இளையோர் வாட்டர் போலோ பயிற்சி முகாமைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய குறைகளும் அதில் உண்டு. என் மகள் எட்டாம் வகுப்பு முடித்தவள். மெரினா நீச்சல் குளத்தில் நீந்தக் கற்றவள். கடிகாரத்தோடு போட்டி போட்டு நீந்துவதில் அவளுக்கு நாட்டமில்லை, நாலு பேரோடு சேர்ந்து ஆடும் விளையாட்டாக இருந்தால் போகிறேன் என்றாள். அப்படித்தான் இந்த முகாமில் சேர்த்தோம்.

முகாமை நடத்திய மூவரும் கல்லூரி அணிகளைப் பல ஆண்டுகளாகத் தயார்செய்து பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றவர்கள். அவர்களில் மூத்தவர் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். பிள்ளைகளுக்கு மூவருமே ‘மாஸ்டர்’தான். கல்லூரிப் பயிற்சியாளர்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் என்ன பெரிய வேறுபாடு இருந்துவிடப்போகிறது என்ற கேள்விக்கு, பெற்றோர் கூட்டத்தில் மூத்தவர் சொன்னதே பதில். கல்லூரியில் வந்து சேரும் பதினெட்டு வயதுப் பையன் வேகமாக நீந்துவான், பந்தைப் பலமாக எறிவான், ஆனால் அவனுக்குத் தண்ணீரில் நிற்கத் தெரியாது. அதைத் திருத்தி முடிப்பதற்குள் மூன்றாண்டுப் படிப்பும் முடிந்து அவன் வேலைக்குப் போய்விடுவான் என்றார். முகாமின் பாடத்திட்டம் முழுவதும் இந்த ஓர் ஆதங்கத்தின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது என்பதைப் போகப்போகப் புரிந்துகொண்டேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளத்தில் நீந்தியபடியே பந்தை எறிந்து எதிரணியின் கோலுக்குள் போடுவதுதான் வாட்டர் போலோ. கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு எழுவர். எட்டு நிமிடக் கால்பகுதிகள் நான்கு. கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் குளத்தின் தரையில் கால் ஊன்றக்கூடாது. அவர்கள் ஒரே சமயத்தில் இரண்டு கையாலும் பந்தைத் தொடக்கூடாது. ஆக, ஒரு கை பந்துக்குப் போய்விட, எதிராளி தோளில் ஏறிக்கொண்டிருக்கும்போதும் உடம்பைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய பொறுப்பு கால்களுடையது.

அதனால் முதல் வாரம் முழுக்கப் பந்து வலைப்பையைவிட்டு வெளியே வரவில்லை. பிள்ளைகளைக் குளத்தின் விளிம்பில் உட்காரவைத்து, முழங்காலை அகட்டி, வலது காலை ஒரு திசையிலும் இடது காலை எதிர்த் திசையிலும் மாற்றி மாற்றிச் சுழற்றச் சொன்னார்கள். எக் பீட்டர் என்று உலகெங்கும் அழைக்கப்படும் இந்த உதைப்பு, தயிர் கடையும் மத்தைப் போல இப்படியும் அப்படியுமாகச் சுழல்வது. தவளை நீச்சலில் இரண்டு காலும் ஒன்றாக உதைப்பதால் உடம்பு எழும்பி எழும்பித் தாழும். இதில் ஒரு கால் ஓயும்போது மறு கால் தள்ளுவதால் உடம்பு ஒரே மட்டத்தில் நிற்கும். விளிம்பில் எல்லோருக்கும் சரியாக வந்தது, ஆழத்தில் இறங்கியதும் பாதிப் பேருக்குத் தவளை உதைப்பே திரும்பிவிட்டது. மாஸ்டர் பிள்ளைகளின் கால்களைப் பார்க்கவே இல்லை. கரையில் குந்தி உட்கார்ந்து தோள்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். “தோள் ஆடுது பாரு தம்பி, அப்போ கால் தப்பு” என்பதுதான் அவருடைய ஒரே அளவுகோல். பிறகு கைகளைத் தலைமேல் வைத்து நிற்கவேண்டும், அதற்கும் பிறகு தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைத் தலைக்கு மேல் பிடித்து நிற்கவேண்டும். என் மகள் முதலில் பாட்டிலோடு சேர்ந்து மூழ்கினாள். இரண்டாம் வாரத் தொடக்கத்தில் காதுமடல் நனையாமல் நின்றாள். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த பணம் தகும் என்பது என் கருத்து.

ஒழுங்கு விதிகளில் இவர்கள் காட்டிய கண்டிப்பு வீட்டுப் பெரியவர்கள் சிலருக்குச் சங்கடமாக இருந்தது. குளோரின் தண்ணீரில் முடி கெட்டுப்போகும் என்று தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து அனுப்புவது நம் வழக்கம். வாட்டர் போலோவிலோ எதிராளியின் பிடி வழுக்கும் என்பதால் உடம்பில் எண்ணெய்ப் பசையோடு இறங்குவதையே விதி அனுமதிப்பதில்லை. எண்ணெயோடு வந்த பிள்ளைகள் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பப்பட்டார்கள். நகம் வெட்டியிருக்கிறதா என்று தினமும் விரல்களைத் தடவிப் பார்த்தார்கள். ஆட்டத்தில் நடுவர் செய்யும் சோதனைதான் அது. தோடு, கைக்கயிறு, தாயத்து எதுவும் கூடாது. ஒரு பையனின் அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சொன்னபோது அவனுடைய பாட்டி, “அதை மட்டும் விட்டுடுங்க சார்” என்று வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டார். நீச்சல் உடைக்குள் முழுதாக மறையும்படி இறுக்கிக் கட்டினால் சரி என்று சமாதானம் ஆயிற்று.

பந்து வெளியே வந்த பிறகு பயிற்சி வேகம் பிடித்தது. பெரியவர்கள் ஆடும் பந்து 400 முதல் 450 கிராம் எடையுள்ளது. பெண்களுக்கான பந்து சற்றுச் சிறியது. இங்கே இளையவர்கள் எல்லோருக்கும் சிறிய பந்தையே கொடுத்தது நல்ல முடிவு. வரும் பந்தை அறைந்து நிறுத்தாமல் கையை அதனோடு பின்னுக்கு விட்டு வாங்குவது, தலையைத் தூக்கி நீந்திக்கொண்டே இரண்டு கைகளுக்கும் நடுவே எழும் அலையால் பந்தைக் கொண்டுபோவது ஆகியவற்றை அலுப்புத் தட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள்.

கல்லூரி அணிகளோடு பழகிய அனுபவம் பளிச்சென்று தெரிந்தது விதிகளைச் சொல்லிக்கொடுத்த விதத்தில். பந்தைக் கையில் பிடித்திருப்பவரை எதிராளி பற்றலாம், அமுக்கலாம். பந்தை விட்டுவிட்டவரைப் பற்றினால் அது தவறு. மேலும், நெருக்கும்போது பந்தை நீருக்குள் கொண்டுபோனால் குற்றம் பந்து வைத்திருப்பவர் மேல் விழும், எதிராளியே அவருடைய கையை அழுத்தியிருந்தாலும்கூட. இது என்ன நியாயம் என்று என் மகள் வீட்டில் வந்து பொங்கினாள். மறுநாள் மாஸ்டர் அதற்கு மாற்று சொல்லிக்கொடுத்தார்: எதிராளியின் பிடி விழும் கணத்தில் பந்தை ஒரு முழம் தள்ளி மிதக்கவிடு, அவள் பிடியை விடாவிட்டால் விசில் உனக்காக ஊதும். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பவரிடமிருந்து இந்த நுட்பம் வராது. எதிரணியில் ஒருவர் தற்காலிகமாக வெளியேற்றப்பட்டு, கோல்கீப்பர்கள் நீங்கலாக ஐவரை அறுவர் தாக்கும் தருணத்திற்கான அணிவகுப்பையும் தரையில் சாக்பீஸால் வரைந்து, முதலில் தரையிலேயே நடக்கவைத்து, பிறகுதான் தண்ணீரில் இறக்கினார்கள்.

இனிக் குறைகள். முதலாவது, குளம். ஒரு முனை நான்கடி ஆழமே என்பதால் ஆட்டத்தை ஆழமான பாதியில் குறுக்குவாக்கில் வைக்க நேர்ந்தது. உயரமான பையன்கள் ஓரமாக ஒதுங்கிப்போய் நைசாகக் கால் ஊன்றிக்கொண்டார்கள். மூன்று மீட்டர் அகலம் இருக்கவேண்டிய கோல், பிளாஸ்டிக் குழாயில் செய்த குறுகலான சட்டமாக இருந்தது. 1995ஆம் ஆண்டு தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகம் இருக்கும் ஊரில், கடைசி வார ஆட்டங்களையாவது ஆழமான ஒரு குளத்தில் வைக்க அமைப்பாளர்கள் முயன்றிருக்கலாம். காலை ஆறு மணி வகுப்பைப் பற்றிக் குறையில்லை. கத்திரி வெயிலில் மாலை நான்கு மணிக்கு வைத்த கூடுதல் வகுப்புதான் சோதனை. பிள்ளைகள் முதுகு கறுத்து, தலைவலியோடு திரும்பினார்கள். இரண்டாம் வாரத்தில் அதை உள்ளரங்கில் வீடியோ பார்க்கும் வகுப்பாக மாற்றினார்கள், நல்லவேளை.

இரண்டாவது குறை எனக்குப் பெரிதாகப் படுவது. நாற்பது பிள்ளைகளில் பெண் பிள்ளைகள் ஏழு பேர்தான். அவர்களுக்கென்று சொல்லப்பட்ட பெண் பயிற்சியாளர் வாரத்தில் பாதி நாள் வரவில்லை. உடைமாற்றும் அறைகளில் ஒன்றுக்குத் தாழ்ப்பாளே இல்லை. தண்ணீருக்கடியில் இழுபறி சகஜமான ஆட்டம் இது. பத்து வயதுப் பெண்ணும் பதினாறு வயதுப் பையனும் ஒரே ஆட்டத்தில் மோதுவது சரியல்ல என்று சில தாய்மார்கள் சேர்ந்து சொன்ன பிறகுதான் வயதுவாரியாகப் பிரித்தார்கள். ஆண்கள் வாட்டர் போலோ 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டது. பெண்கள் ஆட்டம் ஒலிம்பிக்கை எட்டியது 2000 சிட்னியில்தான் என்று வீடியோ வகுப்பில் மாஸ்டரே சொன்னார். அந்த நூறாண்டுத் தாமதத்தின் மிச்சம் நம் குளக்கரையிலும் கிடக்கிறது.

அதே வகுப்பில், 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா இந்த ஆட்டத்தில் தங்கம் வென்றதையும், 1948, 1952 ஒலிம்பிக்குகளில் நம் அணி ஆடியதையும் கேட்டுப் பிள்ளைகள் வாய்பிளந்தார்கள். பெற்றோர் கேட்டது வேறு: விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்குமா? மூவருமே கல்லூரிகளின் வீரர் தேர்வுகளைப் பார்த்தவர்கள். ஆசைகாட்டிப் பேசுவது அவர்களுக்கு எளிது. அப்படிச் செய்யவில்லை. முகாம் சான்றிதழுக்குத் தேர்வில் மதிப்பில்லை, மாவட்ட, மாநில அளவில் ஆடியதற்குத்தான் மதிப்பு, அதற்கு ஆண்டு முழுவதும் குளத்தில் இருக்கவேண்டும் என்று உடைத்தே சொன்னார்கள். இந்த நேர்மையால் சிலர் பாதியில் விலகிக்கொண்டதும் உண்டு.

கட்டணம் 6,500 ரூபாய். காது மறைப்புள்ள தொப்பியும், பயிற்சி முடிந்ததும் சுண்டலும் வாழைப்பழமும் அதில் அடக்கம். நீந்தத் தெரியாத பிள்ளையை இதில் சேர்க்க வேண்டாம். குறைந்தது 50 மீட்டர் நிற்காமல் நீந்தத் தெரிந்திருந்தால்தான் பயன். காலாண்டு விடுமுறையில் மறுபடி நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண் பயிற்சியாளர் எல்லா நாளும் இருப்பார் என்பதை எழுத்தில் கொடுத்தால் மகளை அனுப்புகிறேன் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.